நாஷ்டாவுக்கு ஊற்றிய தண்ணீர்

பாப்பா,

நீ நேற்று அனுப்பிய கல்யாணப் பத்திரிகை மாதிரியைப் பார்த்தேன். ரோஜா நிறம், ஓரத்தில் மயில், நடுவில் உன் பெயரும் அந்தப் பையன் பெயரும். உன் பெயருக்குக் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. அப்பா பெயர் வர வேண்டிய இடத்தை டிசைன்காரன் ஒரு பூவை வைத்து நிரப்பியிருக்கிறான். அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "அந்தாளு பேரு போட்டா எனக்குக் கல்யாணமே வேணாம். வெள்ளிக்கெழம பிரிண்டுக்குப் போவுது. வேற எதுனா மாத்தணும்னா சொல்லு." நான் படித்துக்கொண்டிருக்கும்போதே உன் நைனா பக்கத்தில் வந்து நின்றான். போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிசாக்கி, மேலிருந்து கீழ்வரை பார்த்தான். தன் பெயரைத்தான் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு தடவை தேடினான், திரும்ப மேலே போய் இன்னொரு தடவை தேடினான். பிறகு போனை என் கையில் கொடுத்து, "மயிலு நல்லாகீது" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான்.

அதனால் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் வெட்டிவிடுவாய், உன் வாய் என் வாய். அதோடு இதை உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. நம் சொந்தக்காரர்கள் இருக்கும் குரூப்பில் எல்லோரும் பார்க்கும்படி போடப்போகிறேன். மாமா, சித்தி, பக்கத்து வீட்டு மேரி அக்கா எல்லோரும் படிக்கட்டும். பொய்யை அத்தனை பேர் நடுவிலும் வளரவிட்டவள், உண்மையை உன் காதில் மட்டும் ஓதினால் அது என்ன நியாயம்? விஷயம் இதுதான். உன் நைனா நம் நாய் நாஷ்டாவை யாருக்கும் விற்கவில்லை. பழவேற்காட்டில் விட்டுவிட்டும் வரவில்லை. நாஷ்டா அங்கேயே, நாம் போய்த் தங்கிய இரண்டாவது நாள் காலையிலேயே செத்துப்போனது. செத்தது என்னால். பதினொரு வருஷமாக நீ வெறுக்க வேண்டிய ஆள் நான். நீ ஆளை மாற்றி வெறுத்துக்கொண்டிருந்தாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பிளஸ் டூ பாதியில் நின்றவள் நான். ஃபெயிலாகி நிற்கவில்லை, ஓர் இடத்தில் உட்கார முடியாமல் நின்றேன். உன் நைனாவும் அதே வகுப்பு. ஒரே வாரத்தில் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை விட்டோம், பதினெட்டு முடிந்த மறுமாதம் வீட்டைவிட்டு ஓடினோம், அடுத்த வருஷம் நீ பிறந்தாய். அவனை நான் அவன் இவன் என்று எழுதுவது அதனால்தான். கூடப் படித்தவனை அவர் என்று சொல்ல என் வாய்க்கு வராது. கும்மிடிப்பூண்டி லைன் வீட்டில் நமக்கு ஒரே அறை, ஒரே ஜன்னல், திறந்தால் எதிரே கம்பெனிச் சுவர். அவன் இரும்பு உருக்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட், நான் பேக்கிங் செக்‌ஷனில் கான்ட்ராக்ட். எனக்கு எப்போதும் எங்கேயாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும். போக முடியாத நாளில் சண்டை போடுவேன். அந்த அறையில் நான் உடைத்த டம்ளர்களை நீ எண்ணி விளையாடியிருக்கிறாய்.

நாஷ்டா வந்தது உனக்கு எட்டு வயதில். ஞாயிற்றுக்கிழமை காலை, உன் நைனா கடையிலிருந்து நாஷ்டா வாங்கி வந்து பொட்டலத்தைப் பிரித்தான். வாசலில் ஒரு பழுப்பு நிறக் குட்டி வந்து உட்கார்ந்தது. ஒரு காது மடங்கியிருந்தது. நீ பாதி இட்லியைப் போட்டாய். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் அது போகவில்லை. "நாஷ்டாவுக்கு வந்துச்சு, நாஷ்டான்னே பேரு வெச்சிடலாம்" என்று நீ சொன்னாய். உன் நைனாவுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். பகலில் தூங்குவான், அது குரைக்கும். எழுந்து உட்கார்ந்து கத்துவான்: "இத்த ஒரு நாளிக்கு இஸ்துக்கினு போயி பழவேற்காட்டுல உட்டுட்டு வரேன் பாரு." மாதத்துக்கு நாலு தடவையாவது சொல்லியிருப்பான். தெருவுக்கே கேட்கும். அந்த வார்த்தையை நீயும் கேட்டாய், மேரி அக்காவும் கேட்டாள். பிறகு அவனுக்கு எதிராக நின்ற ஒரே சாட்சி அந்த வார்த்தைதான். அதே ஆள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது பையில் கோழிக்கால் கொண்டுவந்து நாஷ்டாவுக்குப் போட்டதை யாரும் சாட்சிக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

கடற்கரையில் போய்த் தங்கலாம் என்ற ஆசை என்னுடையது. சனிக்கிழமைகளில் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது, பழவேற்காட்டுப் பக்கம் போகிற கார்களைப் பார்ப்பேன். கூரைமேல் கட்டிய மூட்டை, பின் ஜன்னலில் தலையை நீட்டி நாக்கைத் தொங்கவிட்ட நாய், பக்கத்தில் ஒரு குழந்தை. நாம் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், நம் பிள்ளை கடலை வருஷத்துக்கு ஒரு தடவை காணும் பொங்கல் கூட்டத்தில் பார்க்கிறது, சென்னையிலிருந்து வருகிறவன் நாயோடு வந்து படுத்துவிட்டுப் போகிறான் என்று எரிச்சலாக இருக்கும். ஆயுத பூஜைக்கு இரண்டு கம்பெனியும் ஒரே நேரத்தில் லீவு விட்டதும், போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

மேரி அக்கா சிரித்தாள். "சமுத்திரத்தாண்ட போயி துணியக் கட்டிக்கினு படுக்கப்போறியா? இங்கயும் கொசு, அங்கயும் கொசு. இன்னாடி வித்தியாசம்?"

"அங்க காத்து கீதுக்கா."

"காத்தத் துன்னா வயிறு ரொம்புமா? கூட நாய வேற இஸ்துக்கினு போறா. வெள்ளக்காரி."

உன் நைனா பாயில் படுத்தபடியே சொன்னான்: "மூணு நாளு லீவு. தூங்கலாம்னு பாத்தா மண்ணுல பொரளலாம்னு சொல்றா. இவளக் கட்டிக்கினதுக்கு நான் பரீட்சயே எய்தியிருக்கலாம்." சொல்லிவிட்டு மத்தியானமே எழுந்து போய் நாலு பிளாஸ்டிக் பைப்பை அளவாக வெட்டிக்கொண்டு வந்துவிட்டான். லாரி தார்ப்பாய் ஒன்றை நான் தைத்தேன். கம்பெனியில் பெட்டி கட்டும் பட்டையால் மூலைகளைக் கட்டினோம். நீ ஆயுத பூஜைச் சந்தனத்தை எடுத்து நாஷ்டா நெற்றியில் பொட்டு வைத்தாய்.

இப்போது அந்தக் கேன். இதை மெதுவாக எழுதுகிறேன், நீயும் மெதுவாகப் படி. நம் பக்கத்தில் நீலக் கேன் இல்லாத வீடு கிடையாது. கம்பெனிக்கு ரசாயன மருந்து வந்த கேன்தான் எல்லார் வீட்டிலும் தண்ணீர் பிடிக்கிற கேன். பழைய சாமான் கடையில் வாங்கி, சோப்புத்தூள் போட்டுக் குலுக்கி, புளித்தண்ணீர் ஊற்றி வைத்து, மூன்று நாள் வெயிலில் கவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துவோம். வெளியூர்க்காரர்களுக்கு இது பயமாக இருக்கலாம். நமக்குப் பழக்கம், பழக்கத்துக்கு ஏது பயம்? நான் கடைக்குக்கூடப் போகவில்லை. எங்கள் கம்பெனி ஸ்டோருக்குப் பின்னால் குவித்திருந்ததில் ஒன்றை எடுத்தேன். ஸ்டோரில் இருந்தவர் பார்த்துவிட்டார். "இத்த தண்ணிக்கு வெச்சிக்காதம்மா. மெஷின் தொடைக்கிற மருந்து இருந்தது. கயுவினாலும் போவாது. டீசலு வேணா ஊத்தி வெச்சிக்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். கேனில் பாதி கிழிந்த ஸ்டிக்கர் இருந்தது. அதில் குறுக்கே கோடு போட்ட ஒரு கை படம். உன் நைனா பார்த்தால் கேள்வி கேட்பான் என்று அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். மறுநாள் கிளம்ப வேண்டும், மூன்று நாள் வெயிலில் வைக்க எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு தடவை கழுவினேன். முகர்ந்து பார்த்தேன், லேசாக ஒரு வாடை இருந்தது. நாம் மூன்று பேர் குடிப்பதற்குக் கடைத் தண்ணீர்க் கேன் தனியாக வாங்கியிருந்தோம். இது கால் கழுவ, பாத்திரம் கழுவ, அப்புறம் நாய்க்கு. நாய்க்குத்தானே என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் சரியில்லை. வாய்விட்டே சொன்னேன்.

மீன் பெட்டி ஏற்றப் போன ஒரு வண்டிக்காரர் நம்மைப் பின்னால் உட்காரவைத்து லைட்ஹவுஸ் பக்கம் கொண்டுபோய் இறக்கினார். பாலத்தின்மேல் போகும்போது இரண்டு பக்கமும் ஏரி. நாஷ்டா முன்னங்காலை வண்டி விளிம்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. நான் பஸ்ஸிலிருந்து பார்த்துப் பார்த்து வயிறெரிந்த அதே மாதிரி, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு. எனக்கு அப்படி ஒரு பெருமை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த எல்லப்பன் என்ற மீன்காரர் நம் மூட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னா, காரு எங்க நிக்குது?" என்று கேட்டார். "காரு சர்வீசுக்குப் போயிருக்குதுண்ணே" என்றான் உன் நைனா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்தான் இடம் காட்டினார்: "மணல்ல போடாத, அலை ஏறும். அந்தச் சவுக்குத் தோப்பாண்ட போடு. நாயக் கட்டி வையி, எங்க ஊரு நாய்ங்க ரவுடிங்க."

அந்த முதல் நாளை நீ ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன மாதம்கூடச் சொன்னாய், அந்த ஒரு நாள்தான் நம் வீட்டில் யாரும் கத்தாத நாள் என்று. உண்மைதான். உன் நைனா பைப்பை மணலில் நட்டான், காற்று பிடுங்கியது, திரும்ப நட்டான், மூன்றாவது தடவை தார்ப்பாய் அவன் தலையில் விழுந்தது, உள்ளே இருந்துகொண்டே, "லைட்டு போடுடி" என்றான். உன்னை ஏரித் தண்ணீரில் முதுகில் போட்டுக்கொண்டு நடந்தான். நாஷ்டா நண்டைத் துரத்தியது, நண்டு திரும்பி நின்றதும் பயந்து உன் காலுக்குள் ஒளிந்தது. வெயில் கொளுத்தியது. நீ அரை மணிக்கு ஒரு தடவை அலுமினியத் தட்டில் அதற்குத் தண்ணீர் ஊற்றினாய். நான் ஊற்றப் போனபோது தட்டைப் பிடுங்கிக்கொண்டாய். "நான்தான் ஊத்துவேன். எங்கைல ஊத்துனாதான் அது குடிக்கும்." அது குடித்தது. முகத்தைத் திருப்பும், நீ தலையைத் தடவிக் கொஞ்சுவாய், உனக்காகக் குடிக்கும். நீலக் கேனிலிருந்துதான் ஊற்றினாய். அதிலிருந்து ஊற்று என்று சொன்னது நான்.

படித்துவிட்டாயா. ஊற்றியது உன் கை. இந்த ஒரு வரியை மறைக்கத்தான் பதினொரு வருஷம். உன் கையில் தப்பு எதுவும் இல்லை, பாப்பா. ஒன்பது வயதுக் கை, தாய் கொடுத்த கேன். சுரண்டிய நகம் என்னுடையது. இதைச் சமாதானத்துக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நீ இதற்கு அழுதால் அழு, ஆனால் உன்மேல் போட்டுக்கொள்ளாதே. அதற்கு நான் இருக்கிறேன்.

மறுநாள் காலை நீ எங்களுக்கு முன்னால் எழுந்தாய். வெளியிலிருந்து உன் சிரிப்பு கேட்டது. "நைனா, இங்க வாயேன். நாஷ்டா கள்ளு குடிச்ச மாரி ஆடுது." வெளியே வந்தோம். அது நிற்கப் பார்த்தது, பின்னங்கால் ஒரு பக்கம் போயிற்று, முன்னங்கால் இன்னொரு பக்கம். வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். நீ விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தாய். நான் குனிந்து தட்டை முகர்ந்தேன். ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த தண்ணீரில் அந்த வாடை நன்றாகத் தெரிந்தது. தட்டை மணலில் கவிழ்த்தேன். கேனை எடுத்து அதையும் கவிழ்த்தேன். உன் நைனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாஷ்டாவைத் தூக்கிக்கொண்டு எல்லப்பனிடம் ஓடினான். எல்லப்பன் அதன் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பொன்னேரி வரைக்கும் தாங்காதுப்பா. பூஜை லீவு வேற, அங்கயும் யாரு இருப்பான்?" என்றார். பிறகு உன்னைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினார். "வா பாப்பா, வலையில ஒரு கடல்குதிரை மாட்டிக்கினு கீது, காட்டறேன்." நீ ஓடினாய்.

தோப்புக்குப் பின்னால் அவன் மடியில்தான் அது செத்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது, அவன் சட்டையெல்லாம் நனைந்துபோயிருந்தது. எல்லாம் அடங்கிய பிறகு கேட்டான்: "இன்னாடி இருந்தது அந்தக் கேனுல?"

சொன்னேன். ஸ்டோர்க்காரர் சொன்னதையும் சொன்னேன், சுரண்டியதையும் சொன்னேன். என்னிடம் ஒரு நல்ல குணம் உண்டென்றால் அது இதுதான், கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன், அது என் கெட்ட குணம். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மணலைப் பார்த்துக்கொண்டே, "கொயந்ததானே ஊத்துச்சு நேத்து பூரா" என்றான். அந்த நேரம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. கம்பெனியில் தெரிந்தால் வேலை போய்விடுமே என்றுதான் என் புத்தி ஓடிக்கொண்டிருந்தது.

"அவகிட்ட இன்னா சொல்றது?" என்று கேட்டேன்.

"நான் யாருக்கோ குடுத்துட்டேன்னு சொல்லிக்கறேன். அந்தாண்ட இறாப் பண்ணக்காரன் ஒருத்தன் கேட்டான், படகுல ஏத்தி உட்டுட்டேன்னு."

"நம்புவாளா?"

"நம்புவா. நான்தான் தெனம் சொல்லிக்கினு இருந்தேனே, உட்டுட்டு வரேன்னு."

கொஞ்ச நாள்தானே, பன்னிரண்டு வயது ஆகட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவன் கையாலேயே குழி தோண்டினான். முழங்கை வரைக்கும் தோண்டினான், நாய்கள் கிளறாமல் இருக்க மேலே சவுக்குக் கட்டையைப் போட்டான். ஏரியில் கை கழுவிவிட்டு, ஈரச் சட்டையோடு நேராக உன்னிடம் போய்ச் சொன்னான். நீ முதலில் சிரித்தாய். பிறகு அவனை அடித்தாய், வயிற்றில், தொடையில், கைக்கு எட்டிய இடத்திலெல்லாம். அவன் கையைக் கீழே போட்டுக்கொண்டு நின்றான். நீ கரை முழுக்க நாஷ்டா நாஷ்டா என்று கத்திக்கொண்டே ஓடினாய். எல்லப்பனுக்கு எல்லாம் தெரியும், பாவம், அவரும் உன்னோடு சேர்ந்து கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். நான் தார்ப்பாயை மடித்தேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரிந்த கதை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இறால் பண்ணைக்குக் கூட்டிப்போ என்று கேட்டாய். இடம் தெரியவில்லை என்றான். மேரி அக்கா ஒரு நாள் பேச்சுவாக்கில், "டப்புக்கு வித்திருப்பான். குடிக்கறவனுக்கு நாய் இன்னா, பொண்டாட்டி இன்னா" என்றாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். நானும்தான். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாஷ்டா செத்ததற்கு முன்னால் அவன் குடித்ததே இல்லை என்று எழுத ஆசைதான். குடிப்பான், சம்பள நாளில் கொஞ்சம். ஆனால் அவன் எதையும் விற்றதில்லை. அன்றைக்கு நான் வாயைத் திறக்காததால் அந்தப் பேச்சு சொந்தம் முழுக்கப் போய், மாமா வீட்டுக் கல்யாணத்தில் நாலு பேர் நடுவில், "இன்னாய்யா, நாய் யாவாரம் எப்படி?" என்று கேட்டு அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆமாம், அவனும் சேர்ந்து சிரித்தான். நீ அன்றைக்குத்தான் அவனை நைனா என்று கூப்பிடுவதை நிறுத்தினாய்.

உனக்குப் பன்னிரண்டு வயது ஆயிற்று. நான் சொல்லவில்லை. ஏன் என்று கேள், இதுதான் இருப்பதிலேயே அசிங்கமானது. நீ என் பக்கம் வந்துவிட்டிருந்தாய். பள்ளிக்கூடத்தில் நடந்ததை என்னிடம் சொன்னாய், என்னோடு படுத்தாய், நானும் அவனும் சண்டை போட்டால் எனக்காகப் பேசினாய். நான் கத்துகிற அம்மா, டம்ளர் உடைக்கிற அம்மா, இருந்தாலும் நாயை விற்ற அப்பா ஒருத்தன் வீட்டில் இருந்ததால் நான் நல்ல அம்மா. எனக்கு அது பிடித்திருந்தது. உன் மனசு நோகக் கூடாது என்று அவன் அந்தப் பொய்யைச் சொன்னான். நான் அதில் வீடு கட்டிக் குடியிருந்தேன்.

திருநின்றவூர் ஹாஸ்டலில் உன்னைச் சேர்க்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? டிரங்குப் பெட்டியை ஸ்டேஷனிலிருந்து அவன்தான் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். ரயில் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். வார்டன் அம்மா, "இது யாரு?" என்று கேட்டாள். நீ, "ஆட்டோக்காரரு" என்றாய். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க எறக்கணும்மா?" என்று வார்டனைப் பார்த்துக் கேட்டான். மாடிக்குத் தூக்கிப்போய் வைத்துவிட்டு, ஆட்டோக்காரன் மாதிரியே வேகமாக இறங்கிப் போய்விட்டான். நான் உன் கட்டிலில் உட்கார்ந்து தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது ரயிலில், "கூட்டமா இருந்தது, அதான் அப்டி சொல்லிட்டா" என்று எனக்குச் சமாதானம் சொன்னான்.

நேற்று அவன் குடத்தோடு திரும்பி வந்ததும் சொன்னேன், இனிமேல் முடியாது, சொல்லிவிடுகிறேன் என்று. "வேணாம்டி. கல்யாண நேரத்துல கொயந்தயப் பேஜாரு பண்ணாத. பேரு தானே, இல்லன்னா போவுது. பழகிடுச்சி" என்றான். அவன் வேண்டாம் என்றதால்தான் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று உன்னிடம் நான் கதை விடலாம். அதுவும் பொய்யாகிவிடும். அவன் வேண்டாம் என்று சொன்னது நேற்றுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை.

கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம். மாமியாருக்கு அடங்கி நட என்றெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்குத் தெரிந்தது இரண்டே. அந்தப் பையன் என்றைக்காவது உன் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டால், அன்றைக்கே இறக்கி வாங்கிக்கொள். ஒரு ராத்திரி தூங்கவிட்டாலும் உனக்கு அது வசதியாகிவிடும், மறுநாள் திருப்பி வாங்க மனசு வராது. இரண்டாவது, கல்யாணம் முடிந்த வாரம் நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பையன் வளர்க்கிற நாயைக் கூட்டிக்கொண்டு அதே பழவேற்காட்டில் டென்ட் போடப் போகிறீர்கள் என்று சொன்னாய், என்னையும் கூப்பிட்டாய். போ. நல்ல இடம்தான், நாம்தான் கெடுத்தோம். மணலில் போடாதே, அலை ஏறும். நாயை வெயிலில் கட்டாதே. நீ குடிக்காத தண்ணீரை அதற்கு ஊற்றாதே. ஒரே கேனில் எல்லாரும் குடியுங்கள். நான் வரவில்லை. அந்தத் தோப்பில் என்னால் உட்கார முடியாது. கூப்பிட வேண்டும் என்றால் உன் நைனாவைக் கூப்பிடு, நாஷ்டா எந்த மரத்தடியில் என்று அவனுக்குத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேச மாட்டாய் என்று நினைக்கிறேன். பத்திரிகையில் என் பெயரை எடுத்தாலும் எடு, நான் மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன், அதற்கு எனக்குத் தெம்பு இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவன் பெயரைப் போடு. எழுத்துப் பிழை இல்லாமல் போடு.

சொந்தக்காரர்களுக்கும் ஒன்று. நாய் வியாபாரம் எப்படி என்று கேட்டவர்கள் யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்துக்கு வாருங்கள், வந்து அவனிடம் வேறு ஏதாவது பேசுங்கள்.

அவனுக்கு இந்த வாரம் காலை ஷிஃப்ட். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், இரண்டரை மணிக்கு வெளியே வரும்போதுதான் கையில் கிடைக்கும். அப்போது கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவனுக்கு அதைக் கையில் வாங்கத் தெரியாது. நீ போன வருஷம் நம்பர் மாற்றியபோது எனக்கு மட்டும்தான் கொடுத்தாய், அதனால் யாரு என்று கேட்பான். பேரைச் சொல். அதற்கப்புறம் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வராது. லாரி போகிற சத்தம் மட்டும் கேட்கும். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.